கை மாறிய சாக்பீஸ்

ஒரு சாக்பீஸ் என்ன விலை இருக்கும்? பெட்டியோடு வாங்கினால் இரண்டைக் கொசுறாகவே போட்டுத் தருவார்கள். அப்படிப்பட்ட சரக்கு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனதற்காக, பூட்டுக் கடைக்காரர் வீட்டில் ஒரு வாரமாகப் பேச்சுவார்த்தை நின்றுபோயிருக்கிறது.

போன வாரம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடைக்காரரின் ஒரே மகளைத் தெருவில் எல்லோரும் 'குட்டி டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்து இது முதல் வருஷம். ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தாள். வகுப்பு சந்தைக்கடையாக இரைந்தது. அதே பள்ளிக்கூடத்தில் தலை நரைக்கிற அளவுக்குப் பாடம் நடத்தியவர் அவளுடைய அத்தை; 'பெரிய டீச்சர்'. அந்தப் பக்கமாகப் போனவர் உள்ளே நுழைந்து, "குடு இங்க" என்று அண்ணன் மகள் கையிலிருந்த சாக்பீஸை வாங்கினார். வகுப்பு கப்சிப். பாடம் ஜோராக முடிந்தது.

மறுநாளிலிருந்து, கொஞ்சம் சத்தம் கூடினாலே முதல் பெஞ்சு எழுந்து நின்று கேட்கத் தொடங்கியது:

"பெரிய டீச்சரைக் கூட்டிட்டு வரவா மிஸ்?"

கேலியாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். பிள்ளைகள் உதவி செய்யத்தான் கேட்டார்கள்.

இன்று காலை விஷயம் முற்றிவிட்டது.

கடைக்குப் பின்னால் இருந்த சமையலறையில் அப்பாவும் மகளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாடியில் குடியிருக்கும் அத்தை, கையில் செருப்போடு படியில் இறங்கிக்கொண்டிருந்தார். கீழே பேச்சுக் குரல் கேட்டதும் பாதிப் படியில் நின்றார்.

"அப்பா, இன்னிக்கு மத்தியானம் அத்தை என் கிளாஸ்ல வந்து உட்காரப் போறாங்க. பயிற்சியாம்."

"ம்."

"இன்னிக்கும் ஒழுங்கா போகலைன்னா, நான் வேலையை விட்டுட்டுக் கடைக்கு வந்துடறேன்."

கடைக்காரர் தட்டைப் பார்த்தபடி இன்னொரு வாய் சாப்பிட்டார்.

அவர் மௌனத்துக்கு ஒரு விளக்கம் தேவை. பூட்டு வாங்க வருகிறவர் கையில் அவர் பூட்டைக் கொடுத்துவிட்டுச் சும்மா நிற்பார். வெயில் அப்படி, மழை இப்படி என்று எதுவும் பேசமாட்டார். அந்த அமைதி தாங்காமல் யார் முதலில் வாயைத் திறக்கிறார்களோ, அவர்கள் விலையில் ஏறி வர வேண்டும். அவர் இதுவரை முதலில் வாயைத் திறந்ததாகக் கடைத்தெருவில் யாரும் சொன்னதில்லை.

மகள் ஆசிரியர் படிப்புக்குப் போனபோதும் அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. கடைக்கு வாரிசு வேண்டும் என்ற ஆசையைக் கல்லாவுக்கு அடியில் போட்டுவிட்டு, அவளாக வருவாள் என்று காத்திருந்தார். இன்று காலை சரக்கு அவர் கைக்குப் படியப் பார்க்கிறது. சந்தோஷப்பட வேண்டியதுதானே? சாப்பாடு மட்டும் ஏனோ இறங்கவில்லை.

பெரிய டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டு சத்தமாக இருமினார். உள்ளே பேச்சு நின்றது.

"என்ன டீச்சரே, இந்த வயசுல மறுபடியும் பள்ளிக்கூடத்துல சேர்த்துட்டாங்களாமே? ஹோம்வொர்க் எல்லாம் முடிச்சாச்சா?" என்றார் கடைக்காரர்.

"இன்னிக்குத்தான் கடைசி நாள் அண்ணா. நீ வேணும்னா வந்து கையெழுத்துப் போடு, பெற்றோர் இடத்துல."

வழக்கமாக இந்த மாதிரிப் பேச்சுக்குச் சிரிக்கிறவள் அண்ணன் மகள். அவள் எழுந்து கை கழுவப் போய்விட்டாள்.

*

பயிற்சி மையத்தின் கூடத்தில் மின்விசிறி மட்டும்தான் இளமையாக இருந்தது. மற்றபடி எல்லோரும் அனுபவசாலிகள். புதிதாக வேலைக்கு வருகிற ஆசிரியர்களுக்குப் பழைய ஆசிரியர்கள் துணை நிற்க வேண்டும், அதற்கு முதலில் பழையவர்களைப் பழக்க வேண்டும் என்று மேலிடத்தில் முடிவு செய்திருந்தார்கள். 'வழிகாட்டி ஆசிரியர்' என்று சட்டையில் குத்திக்கொள்ள ஓர் அட்டையும் கொடுத்திருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் இருந்த கணக்கு சார் அதைத் தலைகீழாகக் குத்தியிருந்தார்.

பயிற்சி கொடுத்த பெண்ணுக்கு அந்தக் கூடத்திலேயே வயது குறைவு. அந்த ஒரு குறைக்காகவே முதல் நாள் எல்லோரும் அவளைத் தள்ளுபடி விலைக்கு மதிப்பிட்டு வைத்திருந்தார்கள்.

அவள் இன்று ஆளுக்கொரு பெப்பர்மின்ட் கொடுத்தாள்.

"வாயில போட்டுக்கங்க. கரையிற வரைக்கும் யாரும் பேசக் கூடாது. கடிச்சா தோத்தீங்க."

எல்லோரும் சிரித்துக்கொண்டே போட்டுக்கொண்டார்கள். அவள் திரும்பிக் கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதினாள். இரண்டாவது வரியிலேயே தப்பு. வேண்டுமென்றேதான். அந்தத் தப்பின் மேல் இன்னொரு தப்பை அடுக்கி நிதானமாகப் போட்டுக்கொண்டே போனாள்.

கணக்கு சார் நெளிந்தார். காதுமடல் சிவந்தது. 'நறுக்' என்று ஒரு சத்தம்.

"அந்த மூணு எங்கேம்மா போச்சு? முழுங்கிட்டியா?" என்று கத்தினார்.

அதற்கப்புறம் கூடம் முழுக்க நறுக் நறுக். வாழ்க்கை முழுவதும் தப்பைக் கண்ட இடத்தில் திருத்தியவர்கள் அவர்கள். பாவம், என்ன செய்வார்கள்?

கடிக்காமல் உட்கார்ந்திருந்தது பெரிய டீச்சர் மட்டும்தான். பூட்டுக் கடையில் பிறந்து வளர்ந்தவர். வாயை மூடிக்கொண்டு காத்திருப்பது ரத்தத்திலேயே இருந்தது. வகுப்பறைக்குள் மட்டும் அதை ஒருநாளும் கடைப்பிடித்ததில்லை.

"நீங்கதான் பாஸ்" என்று அந்தப் பெண் கைதட்டினாள். பெரிய டீச்சருக்குக் கூச்சமாகவும் பெருமையாகவும் இருந்தது. முதல் மதிப்பெண் வாங்கி எத்தனை காலமாயிற்று!

அடுத்தது நடிப்பு. பெரிய டீச்சர் புது டீச்சராக நிற்க வேண்டும். கணக்கு சார் வழிகாட்டி. சாக்பீஸை எடுத்துப் பெரிய டீச்சர் பலகையில் ஒரு கோடு போட்டார். நடிப்புதான் என்றாலும் கோடு கோணலாகப் போயிற்று.

"அப்படி இல்லம்மா. தா இங்க" என்று கணக்கு சார் சாக்பீஸை வாங்கிவிட்டார். பழக்கதோஷம். வாங்கிய பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். கூடம் சிரித்தது.

பெரிய டீச்சரின் கை விரித்தபடியே இருந்தது. அதை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. கீழே போட்டால் ஒரு மாதிரி. கட்டிக்கொண்டால் வேறு மாதிரி. முன்னால் இருந்த முகங்கள் எல்லாம் அவரைவிட்டுக் கணக்கு சார் பக்கம் திரும்பியிருந்தன.

"இப்ப உங்க கையில என்னம்மா இருக்கு?" என்று பயிற்சிப் பெண் கேட்டாள்.

"தூள்" என்றார் பெரிய டீச்சர்.

சொன்னதும் தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே போய்விட்டு வந்தார்.

திரும்பி வந்தபோது பலகையில் மூன்று வரி இருந்தது. கையிலிருந்து எதையும் வாங்காதே. நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாதே. முதலில் புது டீச்சரைப் பேசவிடு.

"நல்லா இருந்துச்சுன்னுகூடச் சொல்லக் கூடாதா?" என்று கணக்கு சார் கேட்டார்.

"அதுவும் தீர்ப்புதானே சார்? நாளைக்கு நீங்க சொல்லலைன்னா, நல்லா இல்லைன்னு ஆயிடும்."

பெரிய டீச்சர் தலையை ஆட்டிக்கொண்டார். மத்தியான வகுப்புக்கு நேரமாயிற்று. பேருந்தைப் பிடிக்கப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசலைத் தாண்டும்போது அந்தப் பெண் உள்ளே சொல்லிக்கொண்டிருந்தாள்: "இதெல்லாம் விதி. ஆனா எதிர்ல இருக்கிற முகத்தைப் பாருங்க. சில நேரம் விதியைத் தூக்கி ஓரமா வெக்கணும்."

அந்தக் கடைசிப் பேச்சு, பேருந்தின் ஹாரன் சத்தத்தில், முதல் மதிப்பெண் வாங்கியவரின் காதில் விழவில்லை.

*

ஆறாம் வகுப்பின் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். பெரிய டீச்சர் வந்து உட்கார்ந்து, வாயில் பெப்பர்மின்ட்டைப் போட்டுக்கொண்டார். கைகளைத் தொடையின் கீழே வைத்து அழுத்திக்கொண்டார். எதையும் வாங்கப் போவதில்லை.

அன்றைய பாடம் நிழல். குட்டி டீச்சர் ஜன்னல்களைச் சாத்தி அறையை மங்கலாக்கியிருந்தாள். மேசையில் களிமண் உருண்டையில் ஒரு பென்சில் குத்தி நின்றது. அவள் கையில் டார்ச் லைட்.

"டார்ச்சை மேலே தூக்கினா நிழல் என்ன ஆகும்? பெருசாகுமா, சின்னதாகுமா?"

முன்வரிசையில் ஒரு சிறுமி எழுந்தாள். "பெருசாகும் மிஸ்."

சொல்லிவிட்டு அவள் மிஸ்ஸைப் பார்க்கவில்லை. திரும்பிப் பின்னால் பார்த்தாள்.

பெரிய டீச்சரின் புருவம் ஒரு நூல் அளவு ஏறியிருக்கும். அவ்வளவுதான்.

"சின்னதாகும், சின்னதாகும்!" என்று சிறுமி உடனே மாற்றிச் சொன்னாள்.

அடுத்த பையன் எழுந்தான். பதில் சொன்னான். அவனும் திரும்பிப் பார்த்தான். அதற்கடுத்து இன்னொருத்தி. கொஞ்ச நேரத்தில் வகுப்பே பாதி உடம்பைத் திருப்பி உட்கார்ந்திருந்தது. கேள்வி முன்னாலிருந்து வந்தது. விடையைப் பின்னால் இருந்த முகத்தில் பார்த்தார்கள்.

"பெரிய டீச்சர் கிளாஸ்ல மிட்டாய் சாப்பிடறாங்க" என்று யாரோ கிசுகிசுத்தார்கள். குப்பென்று ஒரு சிரிப்பு.

டார்ச் வெளிச்சம் ஆடுவதைப் பெரிய டீச்சர் பார்த்தார். காலையில் கூடத்தில் அவர் போட்ட கோடும் இப்படித்தான் கோணியது.

அவர் முகத்தைக் கல்லாக்கிப் பார்த்தார். பிள்ளைகள் விடுவார்களா? இத்தனை வருஷமும் அந்தத் தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் பாடம் சொன்ன முகம். அசையாவிட்டாலும் அதிலிருந்து எதையாவது படித்துவிடுவார்கள். வாயைக் கட்டலாம், கையைக் கட்டலாம். முகத்தைக் கழற்றிப் பையிலா வைக்க முடியும்?

அவருக்கு ஒரு வழிதான் தோன்றியது. எழுந்தார். நாற்காலியைத் தூக்கி, சத்தமில்லாமல் பின்பக்கம் திருப்பிப் போட்டார். சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

குட்டி டீச்சரின் பேச்சு பாதியில் நின்றது.

பிறகு, வேறு வழியில்லாமல், ஒவ்வொரு தலையாக முன்பக்கம் திரும்பியது.

பெரிய டீச்சருக்குச் சுண்ணாம்பு உதிர்ந்த சுவர் மட்டும்தான் தெரிந்தது. ஆனால் காது இருக்கிறதே. முதலில் அவள் குரல் தட்டுத் தடுமாறியது. அப்புறம் ஒரு பையன், "மிஸ், டார்ச்சை நான் பிடிக்கட்டுமா?" என்றான். "வா" என்றாள். பெஞ்சுகள் இழுபட்டன. எல்லோரும் மேசையைச் சுற்றிக் கூடிவிட்டார்கள் போல. "இறக்கு, இறக்கு. ஐயோ, எவ்வளவு நீளம்!" "அப்ப காலையில சூரியன் கீழே இருக்கு, அதான் நிழல் நீளம் மிஸ்!" என்று ஒரு குரல் கூவியது. பெரிய டீச்சரைக் கூப்பிடட்டுமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

சத்தம் இருந்தது. ஆனால் அது சந்தைச் சத்தம் இல்லை. அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரிய ஒரு ஆயுசு வகுப்பில் நின்றிருக்க வேண்டும். பெரிய டீச்சருக்குத் தெரிந்தது. சுவரைப் பார்த்தபடி, வாயில் மிட்டாயோடு, அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவளுக்கு அது தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது ஒரு முதுகு.

*

வகுப்பு முடிந்தது. ஆசிரியர் அறையில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஒரு வாரம் கழித்து முகத்துக்கு முகம்.

'நல்லா இருந்துச்சும்மா. உங்கம்மா உயிரோட இருந்து கேட்டிருக்கணும்' என்று ஒரு வாக்கியம் பெரிய டீச்சரின் நாக்கு வரை வந்துவிட்டது. அவர் அதை அடக்கினார். தீர்ப்புச் சொல்லக் கூடாது. முதலில் அவள் பேச வேண்டும்.

"உனக்கு எப்படி இருந்துச்சுன்னு தோணுது?" என்று, சொல்லிக்கொடுத்தபடியே கேட்டார்.

அண்ணன் மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்கதான் சுவரைப் பார்த்துத் திரும்பிட்டீங்களே. அதுக்கப்புறம் எனக்குத் தோண என்ன இருக்கு?"

"அது இல்லம்மா. பிள்ளைங்க என்னையே பாத்துட்டு இருந்தாங்க."

"ஆமா. எப்பவும் உங்களைத்தான் பார்ப்பாங்க."

வார்த்தை தப்பான பக்கம் போய் விழுந்ததைப் பெரிய டீச்சர் கண்ணால் கண்டார். எடுத்துத் திருத்துவதற்குள் இன்னும் இரண்டு ஆசிரியர்கள் உள்ளே வந்து பையை வைத்தார்கள். அவர் பதறிப்போய், பழகிய பாதையிலேயே ஓடினார். பயிற்சியில் சொன்ன அடுத்த கேள்வி அதுதான்.

"அடுத்த தடவை எதை மாத்திச் செய்வே?"

"அடுத்த தடவையா?"

அவள் சிரித்தாள். கேட்டுக்கொண்டிருந்த மற்றவர்களுக்கு அது சிரிப்பாகத் தெரியவில்லை. பையை எடுத்துக்கொண்டு மெதுவாக வெளியே போய்விட்டார்கள்.

"அன்னிக்கு நான் பயந்து நின்னப்ப டீச்சரா வந்து பக்கத்துல நின்னிருக்கலாம். அத்தையா வந்து சாக்பீஸைப் பிடுங்குனீங்க. இன்னிக்கு 'பயப்படாதேடி'ன்னு அத்தையா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டீச்சரா உட்கார்ந்து கேள்வி கேக்கறீங்க. எனக்கு ரெண்டும் வேண்டியிருந்துச்சு அத்தை. நீங்க மாத்தி மாத்திக் குடுக்கறீங்க."

அவள் எழுந்து தலைமையாசிரியை அறைக்குப் போனாள். பெரிய டீச்சரின் வாயில் மிட்டாய் எப்போதோ கரைந்துவிட்டது. பேசத் தடையில்லை. கூப்பிட்டிருக்கலாம். அவர் கூப்பிடவில்லை. இத்தனை வருஷமாக யாரிடமும் 'இரு, நான் தப்புப் பண்ணிட்டேன்' என்று சொல்லிப் பழக்கமில்லாத நாக்கு அது.

*

சாயங்காலம் கடையில் மூன்று பேரும் இருந்தார்கள். கல்லாவுக்குப் பின்னால் மகள். தாழ்ப்பாள் கொண்டிகள் தொங்கும் சுவரோரமாக அப்பா. மாடிப் படியில் அத்தை.

"பெரியம்மாகிட்ட சொல்லிட்டேன்ப்பா" என்றாள் மகள். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். "நாளையோட நின்னுக்கறேன்னு."

கடைக்காரர் ஒரு பூட்டை எடுத்துத் துடைத்தார். பேரம் படிந்துவிட்டது. அவர் ஒரு வார்த்தை இறங்கி வராமலேயே படிந்துவிட்டது. துடைத்த பூட்டையே மறுபடி துடைத்தார்.

அப்போது ஓர் அம்மாள் கையில் பூட்டோடு வந்தார். நேற்று வாங்கியதாம். திறக்கவில்லையாம்.

"சாவியைப் போட்டா சுத்தவே மாட்டேங்குது. இதை மாத்திக் குடுங்க."

"குடுங்க இங்க" என்று மகள் கை நீட்டி அந்த அம்மாளின் கையிலிருந்து சாவியை வாங்கினாள். வாங்கியவள், அப்படியே நின்றாள்.

படியில் இருந்த அத்தை கைப்பிடிச்சுவரைப் பற்றிக்கொண்டார்.

அந்த அம்மாளின் கை இன்னும் விரிந்தபடி இருந்தது. மகள் அதைப் பார்த்தாள். பிறகு சாவியை மெதுவாகத் திரும்ப அந்தக் கையில் வைத்தாள்.

"நீங்களே போடுங்கம்மா. நான் பார்க்கிறேன்."

அந்த அம்மாள் சாவியைப் போட்டு வலப்பக்கம் திருகினார். இறுகியது. மறுபடியும் வலப்பக்கம். கடைக்காரரின் விரல்கள் துடித்தன. இந்தப் பூட்டு இடப்பக்கம் திறக்கிற ரகம். ஒரு வார்த்தை போதும். மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாளே தவிர, வாயைத் திறக்கவில்லை. அந்த அம்மாள் சலித்துப்போய்ச் சாவியைத் தளர்த்தினார். அது தானாகக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்தது.

"ஓ" என்றார். 'டக்' என்று திறந்தது.

"அடடே! இந்தப் பக்கமா! நேத்திலேர்ந்து உசிரை வாங்கிடுச்சு" என்று சிரித்தார். பூட்டி, திறந்து, மறுபடியும் பூட்டிப் பார்த்தார். விளையாட்டுச் சாமான் கிடைத்த மாதிரி கொண்டுபோனார்.

அவர் போனதும் மகள் திரும்பினாள். அப்பாவைப் பார்க்கவில்லை. படியில் நின்ற அத்தையின் முகத்தைப் பார்த்தாள். சரியா என்று கேட்கிற பார்வை. மத்தியானம் முன்வரிசைச் சிறுமி திரும்பிப் பார்த்த அதே பார்வை.

அத்தை தலையை ஆட்டினார். ஒருமுறை இல்லை. விதி, பயிற்சி, முதல் மதிப்பெண் எல்லாவற்றையும் கொட்டிக் கவிழ்த்துவிட்டு ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"மத்தியானமும் நல்லா இருந்துச்சுடி. நான் கேட்டுட்டுத்தான் இருந்தேன். அவங்க உன்னைப் பார்க்கணும்னுதான் திரும்பி உட்கார்ந்தேன். உன்னைப் பார்க்கப் பிடிக்காம இல்லை."

அவள் கல்லாவின் விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"இதை அங்கேயே சொல்லியிருக்கலாம்ல அத்தை" என்றாள். கோபமாகக்கூட இல்லை. அசந்துபோன குரல்.

கடைக்காரர் பூட்டைக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமினார். "வேலையை விட வேண்டாம்மா" என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பேரத்தில் அவர் முதலில் வாயைத் திறந்திருந்தார். "கடை எங்கேயும் ஓடிப்போகாது."

"சொல்லியாச்சுப்பா. பெரியம்மா சரின்னுட்டாங்க." அவள் குரல் இறங்கியது. "ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க. நாளைக்குக் கடைசியா ஒரு கிளாஸ் எடு. போறதைப் பிள்ளைங்ககிட்ட நீயே சொல்லிட்டுப் போன்னு. டார்ச் பிடிச்சானே ஒரு பையன், அவன் வாசல் வரைக்கும் வந்து, 'நாளைக்கு என்ன மிஸ் காட்டப் போறீங்க'ன்னு கேட்டான். அவன்கிட்ட நான் எப்படிச் சொல்றது?"

அப்பாவும் அத்தையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் மௌனத்திலேயே வியாபாரம் செய்தவர். இன்னொருவர் விடை சொல்லியே காலம் தள்ளியவர்.

கடைசியில் அத்தைதான் இரண்டு படி இறங்கி வந்தார்.

"நாளைக்கும் நான் வந்து பின்னாடி உட்காரட்டுமா?"

அண்ணன் மகள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. குரலில் மட்டும் அந்த வீட்டுப் பேரக் குரலின் சாயல் இருந்தது.

"எந்தப் பக்கம் பார்த்து?" என்று கேட்டாள்.